புண் வருமுன் ஒரு சிவப்பு ஒளி

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்று மீண்ட 38 பேரிடம், அந்த நாட்களில் எது மிகவும் வாட்டியது என்று கேட்டு 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. விடாத வாந்தி, காய்ச்சல், எழுந்து உட்காரவும் தெம்பில்லாத அயர்ச்சி, யாரையும் அண்டவிடாத தனியறை என்று இந்தச் சிகிச்சையில் படவேண்டியது ஏராளம். ஆனால் மற்ற எதையும்விடக் கூடுதலானவர்கள் கைகாட்டியது வாய்ப்புண்ணைத்தான். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இதற்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது.

நம் வீடுகளில் வாய்ப்புண் என்றால் உடல் சூடு என்பார்கள். மணத்தக்காளிக் கீரையைச் சமைத்துக் கொடுப்பார்கள். நாலு நாளில் ஆறிவிடும். இங்கே பேசுவது அந்தப் புண்ணைப் பற்றியல்ல. உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரமும் அடியும், தொண்டைக்கு முன்னுள்ள மெல்லண்ணம் என்று வாயின் மென்மையான பகுதி முழுவதும் உரிந்து, வெண்படலம் படர்ந்து, தொட்டால் ரத்தம் கசியும் நிலை. உலக சுகாதார நிறுவனம் இதை அளக்க வைத்திருக்கும் அளவுகோலே சாப்பாட்டை வைத்து அமைந்தது. சிவந்து எரிச்சல் மட்டும் இருந்தால் முதல் நிலை. புண் வந்தும் சோறோ இட்லியோ மென்று விழுங்க முடிந்தால் இரண்டாம் நிலை. கஞ்சி, மோர் மட்டுமே இறங்கினால் மூன்றாம் நிலை. எதுவுமே இறங்காமல் ரத்தக் குழாய் வழியாகவோ டியூப் வழியாகவோ உணவு செலுத்த வேண்டி வந்தால் நான்காம் நிலை.

இது ஏன் வருகிறது என்பதற்கான பதில் சிகிச்சையின் அமைப்பிலேயே இருக்கிறது. நோயுற்ற எலும்பு மஜ்ஜையை அழித்து, நல்ல ஸ்டெம் செல்கள் குடியேற இடம் ஒழிப்பதற்காக முதலில் மிக அதிக அளவு கீமோ மருந்து தருகிறார்கள். சிலருக்கு உடல் முழுவதும் கதிரியக்கமும் சேரும். மயலோமா நோயாளிக்கு மெல்ஃபலான், லிம்ஃபோமாவுக்கு நான்கு மருந்துகள் கொண்ட கூட்டு, தலசீமியா குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பியூசல்ஃபான் சார்ந்த மருந்துகள் என்று நோய்க்கேற்ப இது மாறும். பிறகு ஸ்டெம் செல்லை ஏற்றும் நாளை வார்டில் ‘டே ஜீரோ’ என்கிறார்கள். அதற்கு முந்தைய நாட்கள் மைனஸ், பிந்தையவை பிளஸ். வாயின் உட்சவ்வு ஒன்று இரண்டு வாரங்களுக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகமான திசு. வேகமாகப் பெருகும் செல்லைத் தேடி அடிப்பதுதான் கீமோவின் வேலை என்பதால், மஜ்ஜைக்கு விழும் அடி வாய்க்கும் விழுகிறது. பிளஸ் மூன்று, நான்கு வாக்கில் எரிச்சல் தொடங்கி, ஏழாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் உச்சத்தைத் தொடும். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் கிடக்கும் நாட்களும் அவையேதான். ‘கவுண்ட் ஏறிவிட்டதா’ என்று உறவினர்கள் தினமும் காலையில் கேட்பது கிருமித்தொற்றுக்கு அஞ்சி மட்டுமல்ல. கவுண்ட் ஏறத் தொடங்கினால்தான் வாயும் ஆறத் தொடங்கும் என்பது அவர்கள் கண்ணால் கண்ட உண்மை. தன் சொந்தச் செல்லுக்குப் பதிலாகக் கொடையாளர் செல் பெறுவோருக்கு, அந்தச் செல்கள் உடலைத் தாக்காமல் இருக்கத் தரும் மெதோட்ரெக்ஸேட் ஊசி புண்ணை இன்னும் கடுமையாக்கிவிடும்.

மேல்தோல் செல்கள் மருந்தால் சாவதால் உண்டாகும் நேரடிக் காயம் இது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டீபன் சோனிஸ் இந்தப் பார்வையை மாற்றினார். அவர் 2004இல் விரிவாக முன்வைத்த விளக்கப்படி, புண் கண்ணில் படுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே, மேல்தோலுக்கு அடியிலுள்ள திசுவிலும் நுண் ரத்தக்குழாய்களிலும் சேதம் தொடங்கிவிடுகிறது. மருந்தால் உருவாகும் ஆக்ஸிஜன் வகை வேதிப்பொருட்கள் செல்லைச் சிதைக்கின்றன. அது அழற்சிக்கான சமிக்ஞைகளை எழுப்புகிறது. அந்தச் சமிக்ஞைகள் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. நான்காவது கட்டத்தில்தான் சவ்வு உடைந்து புண்ணாகிறது. ஐந்தாவது கட்டம் ஆறுதல். வாயைத் திறந்து பார்த்து ‘ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது’ என்று சொல்லும் நாளில் முதல் மூன்று கட்டங்கள் உள்ளே நடந்துகொண்டிருக்கலாம். இந்தப் புண்ணைத் தடுக்கத் தரும் லேசர் ஒளிச் சிகிச்சையைப் பற்றி எழுத நினைத்தபோது எனக்கு இதுவே எல்லாவற்றுக்கும் அடிப்படையாகப் பட்டது. தடுக்க நினைப்பவர் எந்த நாளில் தொடங்க வேண்டும் என்பதை இந்த விளக்கம் முடிவுசெய்துவிடுகிறது.

வலி மட்டுமே சிக்கல் என்றால் மார்ஃபின் கொடுத்துக் காத்திருக்கலாம். ஆனால் நம் வாய் கிருமிகள் நிறைந்த இடம். உடைந்த சவ்வு வழியாக அவை ரத்தத்துக்குள் போகின்றன. எதிர்த்து நிற்க வெள்ளை அணு இல்லாத நேரத்தில், சாதாரண நாட்களில் எந்தத் தீங்கும் செய்யாமல் பல்லிடுக்கில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமியே உயிருக்கு உலைவைக்கும். எட்டு மருத்துவமனைகளில் 92 நோயாளிகளைப் பின்தொடர்ந்து சோனிஸ் குழு 2001இல் வெளியிட்ட கணக்கு இதைத் துல்லியமாகச் சொன்னது. அவர்கள் பயன்படுத்திய தனி அளவுகோலில் புண் ஒரு புள்ளி கூடினால் காய்ச்சல் ஒரு நாள் நீள்கிறது. கடுமையான தொற்றுக்கான வாய்ப்பு 2.1 மடங்காகிறது, ரத்தக் குழாய் வழி உணவு 2.7 நாட்களும், வலிக்கான ஓபியாய்டு ஊசி 2.6 நாட்களும் கூடுகின்றன. மருத்துவமனைக் கட்டணம் 25,405 டாலர் ஏறுகிறது. நூறு நாட்களுக்குள் இறக்கும் அபாயம் 3.9 மடங்கு. கடைசி எண்ணைக் கவனமாக வாசிக்க வேண்டும். கடுமையான கீமோ பெற்றவருக்குப் புண்ணும் அதிகமாக வரும், வேறு ஆபத்துகளும் அதிகமாக வரும்; எனவே எல்லா மரணத்துக்கும் புண்ணே காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. இருந்தும், வாயைப் பராமரிப்பது வசதிக்காகச் செய்யும் உபசாரம் என்ற எண்ணத்தை இந்த எண்கள் தகர்த்துவிடுகின்றன.

இந்தப் புண்ணைத் தடுக்க லேசரைத் தவிர வேறு வழிகளும் உண்டு. மிக எளியது ஐஸ். மெல்ஃபலான் ரத்தத்தில் அதிக நேரம் தங்காத மருந்து. அது ஏறும் நேரம் முழுவதும் வாயில் ஐஸ்கட்டியை அடக்கிக்கொண்டால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, மருந்து வாயின் சவ்வுக்குப் போவது குறையும். செலவில்லாத, நன்றாக நிரூபிக்கப்பட்ட வழி. ஆனால் உடலில் நெடுநேரம் தங்கும் மருந்துகளுக்கு இது உதவாது. அடுத்தது பாலிஃபெர்மின் என்னும் வளர்ச்சிக் காரணி. 212 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், மூன்று நான்காம் நிலைப் புண்கள் 98 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாகக் குறைந்தன. அதன் விலை நம் நாட்டு நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு எட்டாதது. ஐஸ் எட்டாத இடத்துக்கும் பாலிஃபெர்மின் எட்டாத மனிதருக்கும் இடையில்தான் ஒளியின் இடம் இருக்கிறது.

லேசர் 1960இல் பிறந்தது. ஆறேழு ஆண்டுகளில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், ரூபி லேசரால் எலியின் கட்டியைக் கரைக்க முடியுமா என்று பார்த்தார். அமெரிக்காவில் அப்படி ஒரு சோதனை நடந்திருந்தது. மெஸ்டரிடமிருந்த கருவியின் ஆற்றல் குறைவு, கட்டி கரையவில்லை. ஆனால் சோதனைக்காக முடியை மழித்திருந்த இடத்தில், ஒளி பட்ட எலிகளுக்கு முடி வேகமாக வளர்ந்தது. அறுத்த காயமும் விரைவில் ஆறியது. அவர் அதைத் தோல்வி என்று ஒதுக்காமல் பின்தொடர்ந்தார். ஆறாத கால்புண்கள் உள்ள நோயாளிகளுக்கு அந்த ஒளியைக் கொடுத்துப் பார்த்தார். சுடாத, வெட்டாத, சூட்டை உணரவும் விடாத குறைந்த ஆற்றல் ஒளி திசுவின் நடத்தையை மாற்றக்கூடும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவியது. இன்று இதை ஃபோட்டோபயோமாடுலேஷன் என்கிறார்கள்.

கீமோவால் வரும் வாய்ப்புண்ணுக்கு இதை முதலில் கையாண்டவர்கள் பிரான்ஸ் நாட்டினர். நீஸ் நகரக் குழுவின் அனுபவம் 1992இல் வெளியானது. 1995இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் வடிவம் அழகானது. மஜ்ஜை மாற்றுக்குத் தயாராகும் 20 பேருக்கு வாயின் ஒரு பாதியில் மட்டும் ஹீலியம் நியான் லேசர் கொடுத்து, மறுபாதியில் கொடுப்பது போலப் பாவனை செய்தார்கள். ஒரே நோயாளி, ஒரே மருந்து, ஒரே கவுண்ட். வேறுபாடு ஒளி மட்டும். ஒளி பட்ட பாதியில் புண் குறைவாக இருந்தது. 1997இல் மார்சேயில் 30 பேரிடம் நடந்த ஆய்வில், டே ஜீரோவுக்கு முந்தைய ஐந்து நாட்களும் லேசர் பெற்றவர்களுக்குப் புண்ணின் கடுமை குறைந்தது, விழுங்குவது எளிதானது, மார்ஃபினும் குறைவாகவே தேவைப்பட்டது.

எல்லா முடிவுகளும் இப்படிப் பளிச்சென்று அமையவில்லை. உலகில் மஜ்ஜை மாற்று சிகிச்சையை நிலைநாட்டி, அதற்காக டொனால் தாமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்ற சியாட்டில் நகரில், 70 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு குழுவுக்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி, இன்னொன்றுக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, மூன்றாவதற்குப் பாவனை. சிவப்பு ஒளி புண்ணையும் வலியையும் குறைத்தது. அகச்சிவப்பால் அந்தப் பலன் கிட்டவில்லை. சிவப்புக்கும் பாவனைக்கும் இடையிலான வேறுபாடுகூட சில நாட்களில் புள்ளியியல் ஏற்கும் எல்லையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதே ஆண்டு பிரேசிலில் 38 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவோ வியக்கவைப்பது. லேசர் பெற்றவர்களில் 63.2 சதவீதத்தினருக்குப் புண்ணே வரவில்லை, 94.7 சதவீதத்தினர் இரண்டாம் நிலையைத் தாண்டவில்லை. லேசர் பெறாதவர்களில் அப்படித் தப்பியவர்கள் 31.5 சதவீதம் மட்டுமே. குழுவுக்கு 19 பேர் என்பதால் இந்தச் சதவீதங்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் 2014இல் 18 ஆய்வுகளையும் 1,144 நோயாளிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோதும் திசை மாறவில்லை: லேசர் இல்லாமல் நூறு பேருக்குக் கடும்புண் வரும் என்றால், முன்கூட்டியே லேசர் கொடுத்தால் 37 பேருக்குத்தான் வருகிறது.

குழந்தைகளின் கதை தனி. வலியில் அழும் நான்கு வயதுக் குழந்தையை அரைமணி நேரம் வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஹாரி வீலன் என்பவரின் குழு, விண்கலத்தில் செடி வளர்ப்பதற்காக நாசாவின் உதவியோடு உருவான எல்.இ.டி. விளக்குகளைக் கன்னத்துக்கு வெளியே வைத்து, மஜ்ஜை மாற்று செய்துகொண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 2002இல் வெளியான அந்த ஆய்வில் 32 பேர் இருந்தார்கள். 670 நானோமீட்டர் ஒளி கன்னத்தின் சதையை ஓரளவு ஊடுருவும் என்பதால் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. வாய்க்குள் கொடுக்கும் லேசருக்கு உள்ள அளவு வலுவான சான்று இந்த முறைக்கு இன்னும் சேரவில்லை. தலசீமியாவுக்காக ஏராளமான குழந்தைகளுக்கு மாற்று சிகிச்சை நடக்கும் நம் நாட்டில்தான் இந்த ஆய்வு தொடர்ந்து நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒளி செல்லுக்குள் என்ன செய்கிறது? செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை ரஷ்ய விஞ்ஞானி டீனா காரு பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பாதிப்புக்குள்ளான செல்லில் நைட்ரிக் ஆக்ஸைடு இந்த நொதியோடு ஒட்டிக்கொண்டு மூச்சுவிட விடாமல் தடுக்கும், ஒளி அதை விடுவிக்கிறது, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யின் உற்பத்தி மீள்கிறது, அழற்சிச் சமிக்ஞைகள் தணிகின்றன. பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது. முழுக் கதையும் இதுவே என்று சாதிக்க வேண்டியதில்லை.

நான் கூடுதலாகக் கவலைப்படுவது அளவைப் பற்றி. ஒளியும் ஒரு மருந்து; குறைந்தால் பலனில்லை, ஒரு வரம்பை மீறிக் கூடினால் ஊக்குவதற்குப் பதில் தடுக்கிறது என்று செல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. மாத்திரைக்கு மில்லிகிராம் எழுதாமல் யாரும் மருந்துச் சீட்டு தருவதில்லை. லேசருக்கோ, ‘தினமும் லேசர் கொடுக்கப்பட்டது’ என்ற வரியோடு கேஸ் ஷீட் முடிந்துவிடக் கூடும். அலைநீளம், ஆற்றல், ஒரு புள்ளிக்கு எத்தனை விநாடி, எத்தனை புள்ளி என்ற நான்கையும் எழுதாத பதிவால் எந்தப் பயனும் இல்லை. புற்றுநோய் துணைச் சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கத்தின் வழிகாட்டுதல் குறிப்பிட்ட அளவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 650 நானோமீட்டர், 40 மில்லிவாட், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 ஜூல். 40 மில்லிவாட் என்றால் விநாடிக்கு 0.04 ஜூல். இரண்டு ஜூல் சேர 50 விநாடி. வாயின் மென்பகுதியில் 40 சதுர சென்டிமீட்டருக்கு மட்டும் கொடுத்தாலே 2,000 விநாடி, அதாவது அரைமணி நேரத்துக்கும் மேல். கருவியின் நுனி சிறியதாக இருந்தால் ஒரு புள்ளிக்குச் சில விநாடிகள் போதும். அதற்கேற்பப் புள்ளிகள் பெருகும். எப்படிப் பார்த்தாலும் ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் ஒரு மனிதரின் கணிசமான நேரம் வேண்டும். அதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நாள் தவறாமல். ஈறு, மேலண்ணத்தின் கடினப் பகுதி, நாக்கின் மேற்புறம் ஆகியவற்றில் கெரட்டின் படிந்த தடித்த தோல் இருப்பதால் இந்தப் புண் அங்கே அரிது, அவற்றை விட்டுவிடலாம். அங்கே புண் கண்டால் ஹெர்பிஸ் வைரஸா என்று சோதிக்க வேண்டும்.

இந்த நேரம்தான் உண்மையான தடை. கருவி வாங்க ஒரு முறை செலவழித்தால் போதும். அதைப் பிடித்து நிற்கும் கைக்கு மாதாமாதம் சம்பளம் தரவேண்டும். பிரேசிலில் பல மாற்று சிகிச்சை மையங்களில் பல் மருத்துவர் குழுவின் நிலையான உறுப்பினர். லேசர் அவர் பொறுப்பு. அங்கிருந்து பல ஆய்வுகள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்தியாவிலும் அனுபவம் உண்டு. கர்நாடகத்தின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிரியக்கமும் கீமோவும் பெற்ற 221 பேரிடம் நடந்த ஹீலியம் நியான் லேசர் ஆய்வு 2012இல் வெளியாகி உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் பிசியோதெரபி துறையினரின் பங்கு பெரிது. அதாவது பல் மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை; பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ நர்ஸோ செய்யலாம். யார் பொறுப்பு என்று பெயர் குறித்து ஒதுக்காதவரை வார்டின் ஓட்டத்தில் இது எல்லோரும் மறக்கும் வேலையாகிவிடும்.

பாதுகாப்பு பற்றி எழும் கேள்வி நியாயமானது. செல்லை ஊக்கும் ஒளி புற்றுச் செல்லையும் ஊக்கிவிடாதா? தலை, கழுத்துப் புற்றில் கட்டியே வாயிலோ அதன் அருகிலோ இருப்பதால் இந்தக் கேள்வி கூர்மையானது. அங்கும், லேசர் பெற்றவர்களை மூன்றாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த பிரேசில் ஆய்வொன்றில் நோய் திரும்புவது கூடவில்லை. மாற்று சிகிச்சைக்கு வருபவர்களின் நோய் மஜ்ஜையிலோ நிணநீர்க் கணுக்களிலோ இருப்பது. பெரும்பாலோர் நோய் அடங்கிய நிலையில் வருகிறார்கள். எனவே அச்சம் இன்னும் குறைவு. ஆனால் கொடையாளர் செல் பெற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து வாய்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். லேசர் பெற்றாலும் பெறாவிட்டாலும் அவர்கள் ஆண்டுதோறும் வாயைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஒளி கொடுக்கும்போது நோயாளியும் கொடுப்பவரும் கண்ணாடி அணிவது கட்டாயம். இதைத் தாண்டி, ஆய்வுகளில் பெரிய தீங்கு எதுவும் பதிவாகவில்லை.

புற்றுநோய் துணைச் சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கம் 2014இல் லேசரை மாற்று சிகிச்சை நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தது. 2020இல் மறு ஆய்வு செய்து மீண்டும் உறுதிசெய்தது. பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2018இல் வழக்கமான சிகிச்சையாகவே பயன்படுத்த ஒப்புதல் தந்தது. இந்தியாவில் 1983இல் மும்பை டாடா மருத்துவமனையும் 1986இல் வேலூர் சி.எம்.சி.யும் மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கின. இன்று சென்னையிலும் பல மையங்கள் இருக்கின்றன. லட்சக்கணக்கில் செலவாகும் ஒரு சிகிச்சையின் பட்டியலில், கூடுதலாக ஒரு வாரம் படுக்கையில் கிடப்பதற்கும் ரத்தக் குழாய் வழி உணவுக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் பணம் தரும் காப்பீடு, அவற்றைக் குறைக்கும் அரைமணி நேர உழைப்புக்கும் தனி வரி ஒதுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், அட்மிஷனுக்குச் சில வாரங்கள் முன்பே பல் மருத்துவரிடம் காட்டிச் சொத்தைப் பற்களையும் ஈறு நோயையும் சரிசெய்துவிடுங்கள். மென்மையான பிரஷ் வாங்கி வையுங்கள். கீமோ தொடங்குவதற்கு முன்பு மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: இங்கே வாய்க்கு லேசர் தருகிறீர்களா, எந்த நாளில் தொடங்குவீர்கள், யார் தருவார், மெல்ஃபலான் ஏறும்போது ஐஸ் தருவீர்களா. இல்லை என்ற பதில் வந்தாலும் பரவாயில்லை. நோயாளிகள் கேட்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் அந்தக் கருவியும் அதைப் பிடிக்கும் ஆளும் அந்த வார்டுக்கு வந்து சேர்வார்கள்.